கண்ட முயல் நான்கு

முயல் எண்ணும்போது அக்கா வாயைத் திறக்கமாட்டார். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு கால்வாய் அணையின் மேல் நிற்பார். வலது கைப் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். ஒரு முயலுக்கு ஒரு கணு. புதருக்குள் ஓடிய முயல் மறுபடி வெளியே வந்தால், அது பழையதா புதியதா என்று நிச்சயமாகத் தெரியும்வரை பெருவிரல் நகராது. தெரியாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார். உறைபனிக் காலத்திலும் அந்தக் கைக்கு அவர் உறை போட்டதில்லை. எண்ணி முடிந்ததும் மடித்து வைத்திருக்கும் படிவத்தை எடுத்து எழுதுவார்: கண்டது நான்கு.

சுவிஸில் அந்தப் பக்கம் இருந்த தமிழர்கள் அவரை ‘முயல் அக்கா’ என்றார்கள். அதில் பாதி கேலி, பாதி எரிச்சல். நான் இரண்டு வருடத்துக்கு மேல் அவரோடு ஒரே கொட்டகையில் லீக்ஸ் கழுவி, கரட் பொதி கட்டி வேலை செய்தேன். அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது. பயமும் இருந்தது. இரண்டில் எது கூட என்று கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேர்ண் மாநிலத்தில், பீல் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரத்தில், ஏரிகளுக்கு இடையே கிடக்கும் தட்டையான காய்கறி நிலம். வெளிநாட்டுக்காரர் மனதில் இருக்கும் சுவிஸ் மலைகள் அங்கே அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். நிலத்தை வெட்டிக்கொண்டு ஒரு பெரிய கால்வாய் போகும். இளவேனிலில் பனி உருகும்போது கால்வாயின் நீர்மட்டம் வயல்களைவிட உயர்ந்து நிற்கும். இடையில் இருப்பது மண்ணால் போட்ட அணை ஒன்றுதான்.

அந்த அணைக்குத்தான் காட்டு முயல்கள் வந்து சேர்ந்தன. அந்தப் பக்கத்துக்கு உரிய பிராணி அல்ல அவை. யாரோ வேலி போட்டு வளர்த்தவை தப்பின என்றார்கள், யாரோ வேட்டைக்கென்று விட்டார்கள் என்றார்கள். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வருடத்தில் சலாட் நாற்றுகள் வரிசை வரிசையாகக் கடிபட்டன. ஆப்பிள் கன்றுகளின் பட்டை உரிந்தது. அதைவிட மோசமானது, அணைக்குள் வளை தோண்டத் தொடங்கிவிட்டன.

ஊராட்சி அலுவலகத்தை நாங்கள் கெமைண்டே என்போம். முயல் பெருகுகிறதா, எங்கே பெருகுகிறது என்று ஊர்மக்களே கணக்கெடுக்க வேண்டுமென்று கெமைண்டே முடிவு செய்தது. அணையில் வெள்ளைத் தூண்கள் நட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு ஒரு பகுதி. செவ்வாயும் வெள்ளியும் விடியும் நேரத்தில் போய்ப் பார்த்து எழுத வேண்டும்: வானிலை, கண்ட முயல், வளைகள் எத்தனை, அவை ஈரமா காய்ந்தவையா, புதிய புழுக்கை உண்டா. ஓய்வுபெற்ற தபால்காரர், பள்ளி ஆசிரியை, வேட்டைக்காரர் என்று பலர் பெயர் கொடுத்தார்கள். எங்கள் முதலாளி அந்த முயல் குழுவில் ஓர் உறுப்பினர். அவரை எல்லாரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம். “நீங்கள் இரண்டு பேரும் எப்படியும் அணை வழியாகத்தானே சைக்கிளில் வருகிறீர்கள்” என்று எங்கள் பெயர்களையும் அவரே எழுதிக் கொடுத்தார். அக்காவின் பகுதி முதலில். கொட்டகைக்குத் திரும்பும் பாதைக்கு அப்பால் என்னுடையது.

அக்கா மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்க வேதக்காரர். நாற்பதைக் கடந்தவர். நான் யாழ்ப்பாணம், அப்போது இருபத்தாறு வயது. என் கணவர் பேர்ண் நகரத்தில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். நாங்களும் அக்காவும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அக்கா தனியாக இருந்தார்.

தனியாக இருந்ததற்கு அவருடைய சுபாவமும் ஒரு காரணம். ஒரு பிறந்தநாள் விழாவில் பெண்கள் கூடியிருந்து, அங்கே இல்லாத ஒருத்தியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னாரோடு காரில் போனாளாம். கதை சூடுபிடித்த நேரத்தில் அக்கா கேட்டார்.

“ஆர் கண்டது?”

“எல்லாரும் கதைக்கினம் அக்கா.”

“கதைக்கினம், அது சரி. ஆர் கண்டது?”

கேக் வெட்டும்வரை அந்த மூலையில் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு அவரை விழாக்களுக்குக் கூப்பிடுவது குறைந்துபோனது.

அவருடைய அகதி விசாரணையிலும் இதுதான் நடந்தது. கணவர் ஒரு நாள் காலை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர், வீடு திரும்பவில்லை. சந்தியில் ஆட்களைப் பிடித்தார்கள் என்று ஊரெல்லாம் கதை. விசாரணை அதிகாரி கேட்டார், “உங்கள் கணவரைப் பிடித்துக்கொண்டு போனதை நீங்கள் கண்டீர்களா?” மொழிபெயர்க்க வந்த தமிழர் அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லும்போதே ஓம் என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினாராம்.

“நான் காணேல்லை எண்டு சொன்னனான்” என்று அக்கா என்னிடம் சொன்னார். “சைக்கிள் சந்தியில ஸ்டாண்டில நிண்டது. கரியரில பாண் இருந்தது. அதைக் கண்டனான். அதைச் சொன்னனான்.”

மனு நிராகரிக்கப்பட்டது. அக்கா மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தார். என் விசாரணையில் நான் இரண்டு இடங்களில் கூட்டிச் சொன்னேன். எனக்கு அனுமதி கிடைத்தது. இதை அக்காவிடம் நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் நெருக்கடி தொடங்கியது. அணையில் முயல்களைச் சுட அனுமதி வேண்டுமென்று விவசாயிகள் மாநில அரசுக்கு எழுதப் போகிறார்கள். எண்ணிக்கை பெருகியிருக்கிறது என்று படிவங்கள் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். ஒரு நாள் பத்து மணித் தேநீர் நேரத்தில் ஷெஃப் படிவக் கட்டோடு கொட்டகைக்கு வந்தார்.

“எல்லாப் பகுதியிலும் பதினைந்து, இருபது. உன்னுடையதில் மட்டும் நான்கு” என்றார் அக்காவிடம். “உன்னுடைய முயல்களெல்லாம் லீவில் போய்விட்டனவா?”

“நான் கண்டது நான்கு” என்றார் அக்கா, தன் உடைந்த ஜெர்மனில்.

“புதருக்குள் இருந்தவை?”

“புதருக்குள் இருந்தவற்றை நான் காணவில்லை.”

ஷெஃப் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அந்த வருடம் அவருடைய சலாட்டில் பாதி முயலுக்குப் போயிருந்தது. சிரிப்பு நின்றதும் மெதுவாகச் சொன்னார், “உன் வக்கீல் என்னிடம் ஒரு கடிதம் கேட்டிருந்தாரே, நல்ல வேலைக்காரி என்று. அதைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.”

அக்கா தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லீக்ஸ் தொட்டிக்குப் போனார். மேல்முறையீட்டில் அந்தக் கடிதம் எவ்வளவு பெரியது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த செவ்வாய் அக்கா ஐந்து என்று எழுதினார். வழிக்கு வந்துவிட்டாள் என்று ஷெஃப் சந்தோஷப்பட்டார். அன்று அணையில் அக்கா கண்டதே ஐந்து, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மூன்று. கடிதம் வரவில்லை.

“நல்லாப் பார்த்து எழுது” என்று ஷெஃப் என்னிடமும் சொல்லியிருந்தார். நான் பதினொன்று கண்ட நாளில் பதினெட்டு எழுதினேன். அடுத்த முறை இருபது. ஷெஃப் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அக்கா எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது.

பிப்ரவரியில் எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் எழுந்தால் தலை சுற்றும், குமட்டிச் சத்தி வரும். செவ்வாயும் வெள்ளியும் “நீங்கள் போங்கோ அக்கா, நான் பிறகு வாறன்” என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடப்பேன். பிறகு வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புவேன். முயல் பத்தொன்பது. வளை ஆறு. எல்லாம் காய்ந்தவை. கொட்டகைக்கு ஊர் ரோட்டு வழியாகப் போவேன். இப்படி மூன்று வாரம். என் பகுதி நேரான அணை. திரும்பும் பாதையில் நின்று பார்த்தால் கடைசித் தூண்வரை தெரியும். நான் அங்கே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் அவர் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் இரண்டு நாள் சூடான காற்று அடித்தது. மலையில் பனி ஒரேயடியாக உருகிக் கால்வாய் கலங்கி ஏறியது. திங்கட்கிழமை காலை நாங்கள் தொட்டியில் தண்ணீர் திறந்துகொண்டிருந்தபோது அக்கா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி நான் கண்டது அன்று மட்டும்தான்.

“தண்ணி! வயலுக்குள்ள தண்ணி!”

ஷெஃப் வெளியே ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அணையின் வயல்பக்கச் சரிவில், முட்செடிக்கு நடுவே இருந்த ஒரு வளையிலிருந்து, குழாயைத் திறந்துவிட்டதுபோலச் சேற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வளையின் வாய் எங்கள் கண்முன்னாலேயே பெருத்தது. தீயணைப்புப் படை வந்தது. மத்தியானம்வரை எல்லாரும் வரிசையில் நின்று மணல் மூட்டைகளைக் கைமாற்றினோம். அணை உடையாமல் நின்றுவிட்டது. ஷெஃபின் நாற்றுக் கூடாரங்கள் இரண்டு போய்விட்டன. வயலுக்கு அப்பால் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்றில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர். தண்ணீர் அவருடைய வாசற்படிக்குப் பத்து அடி தள்ளி நின்றது.

அது என்னுடைய பகுதி. சரிவில் வளைகளை எண்ணினார்கள். பதினாலு. நான்கு வளைகளைச் சுற்றி மண் முன்பே ஈரமாகிச் சரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை தேதியிட்ட என் படிவம் சொன்னது: வளை ஆறு, எல்லாம் காய்ந்தவை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நானும் பக்கத்துப் பகுதியைப் பார்க்கும் அக்காவும் கெமைண்டேக்கு வர வேண்டும் என்று செய்தி வந்தது. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் நான் கேட்டேன்.

“அக்கா, வெள்ளிக்கிழமை என்னை அணையில கண்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அது போதும்.”

அக்கா நடந்துகொண்டே சொன்னார், “நான் காணேல்லையே பிள்ளை.”

“எனக்கு வேலை போயிடும். பொய் எழுதினனெண்டு விசாவிலயும் கை வைப்பினம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லமாட்டீங்களோ?”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். பயத்தில் எனக்குக் கோபம் வந்தது. “உங்கட கேஸ் இப்பிடிக் கிடக்கிறதும் இதாலதான். புருசனைப் பிடிச்சதைக் கண்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எப்பவோ விசா கிடைச்சிருக்கும். உங்கட வாழ்க்கையையும் பாழாக்கி, மற்ற ஆக்களின்ரயையும் பாழாக்கிறியள்.”

அக்கா சைக்கிளை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“நான் ஊரில கூட்டுறவுச் சங்கக்கடையில கணக்கெழுதிற கிளாக்கா இருந்தனான். ஒருக்கா ரெண்டு மூட்டை அரிசி குறைஞ்சு போச்சு. துவக்கோட ஆக்கள் வந்து விசாரிச்சினம். எல்லாரும் மூட்டை தூக்கிற மனுசனைத்தான் சொல்லிச்சினம். ரெண்டு பிள்ளையின்ர தேப்பன். ‘நீங்கள் கண்டனீங்களோ?’ எண்டு என்னட்டக் கேட்டினம். எல்லாரும் சொல்லினமே எண்டு நானும் ஓம், கண்டனான் எண்டன்.”

“பிறகு?”

“அவனைக் கொண்டு போச்சினம். அடுத்த கிழமை பின் அறையில சீனி மூட்டைக்குக் கீழ அந்த ரெண்டு அரிசி மூட்டையும் கிடந்தது. அவன் வரேல்லை.”

அக்கா சைக்கிளை மறுபடி தள்ளத் தொடங்கினார்.

கெமைண்டேச் செயலாளர் கண்ணாடி போட்ட ஐம்பது வயதுப் பெண். மேசையில் இரண்டு வருடப் படிவங்களும் அடுக்கி இருந்தன. ஷெஃப் யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு விளங்க வேண்டுமென்று செயலாளர் சுவிஸ் ஜெர்மனை விட்டுவிட்டு நல்ல ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை காலை உங்கள் தோழியை அணையில் கண்டீர்களா?”

“இல்லை” என்றார் அக்கா. “காணவில்லை.”

ஷெஃப் குறுக்கிட்டார். “அன்று மூடுபனி. பக்கத்தில் நின்றாலும் தெரிந்திருக்காது. இல்லையா?”

அது எனக்காக நீட்டப்பட்ட கை என்று நினைத்தேன். என் படிவங்கள் பொய்யென்றால் சுடும் அனுமதிக்காக அவர் கொடுத்த எண்ணிக்கையும் சேர்ந்து விழும் என்பது பிறகுதான் புரிந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“மூடுபனி இல்லை. கடைசித் தூண்வரை தெரிந்தது. என் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.”

செயலாளர் படிவத்தைத் தேடி எடுத்தார். வானிலை: தெளிவு. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நான் போகவில்லை” என்றேன். “மூன்று வாரமாகப் போகவில்லை. வீட்டில் இருந்து எழுதினேன்.”

“அதற்கு முந்தியவை?”

“போனேன். ஆனால் முயலைக் கூட்டி எழுதினேன். நன்றாகப் பார்த்து எழுது என்று ஷெஃப் சொன்னார். பதினொன்றைப் பதினெட்டு ஆக்கியது என் கை.”

ஷெஃபின் நாற்காலி கிறீச்சிட்டது. “இப்படி ஒரு ஆளை வைத்து இனி நான் எப்படி வேலை வாங்குவது? இந்த மாதத்தோடு முடித்துக்கொள்கிறேன்” என்றார்.

அப்போது யாரும் கேட்காமலே அக்கா வாயைத் திறந்தார். ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார்.

“இன்னும் சொல்ல இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்வரை இவள் ஒவ்வொரு முறையும் வந்தாள். மழையில் வந்தாள். பனியில் வந்தாள். அதை நான் கண்டேன். பிறகு வரவில்லை. காலையில் கொட்டகைக்குப் பின்னால் நின்று சத்தி எடுப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அதையும் கண்டேன். நான்கு முறை.”

செயலாளர் பேனையை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், “கர்ப்பமா?”

ஓமென்று தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது.

செயலாளர் ஷெஃப் பக்கம் திரும்பி இந்த முறை சுவிஸ் ஜெர்மனில் சொன்னார். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. “கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்த முடியாது. சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே?”

ஷெஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்தச் சட்டம் அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சல் வரவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது அவருடைய முகம் முயல் எண்ணி முடித்த முகம்போலத்தான் இருந்தது.

முயல் கணக்கை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இந்த முறை ஒரு பகுதிக்கு இரண்டு பேர். என்னைச் சேர்க்கவில்லை. பல பகுதிகளில் பதினைந்தும் இருபதும் ஆறாகவும் ஏழாகவும் இறங்கின. கூட்டி எழுதியவள் நான் மட்டுமல்ல. முயலைவிட வளைதான் பிரச்சினை என்று தெரிந்து, அணையை ஒட்டிக் கம்பி வலை புதைத்துச் சரளைக்கல் நிரப்பினார்கள். ஷெஃப் என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அக்காவுக்கு அந்தக் கடிதத்தை அவர் கடைசிவரை கொடுக்கவுமில்லை.

செயலாளர்தான் கொடுத்தார். அக்கா நிரப்பிய எல்லாப் படிவங்களின் பிரதியையும் இணைத்து, இந்தப் பெண் காணாத ஒன்றைக் கண்டதாக ஒருபோதும் எழுதியதில்லை என்று வக்கீலுக்கு ஒரு பக்கம் எழுதினார். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அகதியாக ஏற்கவில்லை, ஆனால் திருப்பியும் அனுப்பமாட்டோம் என்று ‘எஃப்’ அட்டை கொடுத்தார்கள். அது கடிதத்தால் கிடைத்ததா, நாட்டில் நடந்த யுத்தத்தால் கிடைத்ததா என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. புறப்பட்ட அன்று நான் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு சூட்கேஸ், ஒரு பை. மத்தியான வெயில். மேடையில் எங்களைத் தவிர யாருமில்லை. கெமைண்டேக்குப் போன வழியில் நான் சொன்ன சொல் அத்தனை மாதமும் எனக்குள் கிடந்து உறுத்தியது. ரயில் வர இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் சொல்ல வாய் வந்தது.

“அக்கா, அண்டைக்கு உங்கட கேஸைப் பற்றி நான் கதைச்சது… மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அக்கா குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரி செய்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீ சொன்னது பொய்யில்லை, பிள்ளை. கண்டன் எண்டு சொல்லியிருந்தா விசா கிடைச்சிருக்கும். அதுதான் நொந்தது.”

ரயில் வந்து நின்றது. சூட்கேஸைத் தூக்க நான் கை நீட்டினேன். அவர் தானே தூக்கிக்கொண்டு ஏறினார்.